பிசுக்குக்கும் வயது உண்டு

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, அதன் இறக்கை ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மேலே தூசும் நூலும் ஒட்டிய சாம்பல் நிறப் படலம் இருக்கும். தொட்டால் விரலோடு இழுபடும். அதை நகத்தால் வழித்தெடுத்தால் கீழே தேன் நிறத்தில் ஒரு பிசின் தெரியும். இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினால் அது உருண்டையாகும். அதற்கும் அடியில், இறக்கையோடு ஒட்டியபடி, பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். அதில் நகம் இறங்காது. கத்தி முனையால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும்.

மூன்றும் ஒரே கடாயிலிருந்து கிளம்பிய எண்ணெய்தான். வேறுபாடு வயதில் இருக்கிறது. மேலே உள்ளது புதியது. அடியில் இருப்பது மாதங்களையும் வருடங்களையும் கடந்தது. அந்த அடிப்பூச்சை இன்னும் எண்ணெய் என்றே நினைத்துப் பாத்திரச் சோப்பைப் போட்டுத் தேய்க்கிறோம். கை வலிக்கிறது, கறை அசைய மறுக்கிறது. காரணம், அது எண்ணெயாக இருந்து வார்னிஷாக மாறிவிட்ட பொருள். மரக்கதவில் பூசும் எண்ணெய் வார்னிஷ் எந்த வேதிவினையால் காய்கிறதோ, அதே வினையால்தான் இதுவும் காய்ந்திருக்கிறது. எனவே பிசுக்கை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்கு என்ன வயது என்பதுதான். எதைப் போட்டுக் கழுவுவது என்பது அதற்குப் பிறகு வருகிறது.

எண்ணெய் சுவர் ஏறும் வழி

தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் சிறிதளவு ஈரம். சூடான எண்ணெயில் அந்த ஈரம் சட்டென்று நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். அந்த அழுத்தம் தாங்காமல் கடுகின் தோல் கிழிகிறது. கறிவேப்பிலையின் ஈரமும், வடை மாவின் நீரும் எண்ணெய்க்குள் போனதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைத் துளிகளாகச் சிதறடிக்கிறது.

பெரிய துளிகள் அடுப்பைச் சுற்றியே விழுந்துவிடும். அவற்றை அன்றன்றே பார்க்கிறோம், துடைக்கிறோம். தொல்லை தருபவை கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள். அவை புகைபோல் மிதக்கின்றன. அடுப்பின் வெப்பக்காற்றோடு மேலே ஏறி, கூரையை ஒட்டிப் பரவி, குளிர்ந்த இடங்களில் இறங்குகின்றன. எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்தால் அதிலிருந்து ஆவியும் கிளம்பி, ஆறிய பரப்புகளில் படிகிறது. அடுப்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கும் ஃபிரிட்ஜின் தலையும், யாரும் தொடாத பரணும், டியூப்லைட்டின் முதுகும் பிசுபிசுப்பது இதனால்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மற்ற எதையும்விட வேகமாக அழுக்கேறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. காற்று இறக்கையைச் சுற்றி வளைந்து போய்விடும். காற்றைவிடக் கனமான எண்ணெய்த்துளியால் அவ்வளவு விரைவாக வளைய முடியாது. நேரே போய் இறக்கையில் மோதி ஒட்டிக்கொள்ளும். சமையலறைச் சிம்னியின் தகடு வடிகட்டி இதே விதியைத் திட்டமிட்டுப் பயன்படுத்துகிறது. வளைந்த தகடுகளுக்கு இடையே காற்றை நெளிந்து போக வைத்து, திரும்ப முடியாத துளிகளைத் தகட்டிலேயே பிடித்துவைக்கிறது.

திரவம் எப்படிப் பூச்சாகிறது

நாம் சமைக்கும் எல்லா எண்ணெயும் அடிப்படையில் டிரைகிளிசரைடுதான். கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறோடு நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மூன்று இணைந்திருக்கும். அந்தச் சங்கிலிகள் கார்பன் அணுக்களால் ஆனவை. சில சங்கிலிகளில் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். எண்ணெயின் முதுமை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிய கார்பனில் உள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கும். வெப்பமோ ஒளியோ இரும்பு, செம்பு போன்ற உலோகத்தின் தொடர்போ அதைக் கழற்றிவிடும். ஹைட்ரஜன் போன இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து உட்காரும். அப்படி மாறிய சங்கிலி பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும்; அது அதற்கடுத்ததிலிருந்து பிடுங்கும். இந்தத் தொடர்வினையின்போது சில சங்கிலிகள் துண்டாகி, ஹெக்ஸனால் போன்ற சிறு மூலக்கூறுகளாகப் பறந்துபோகின்றன. பழைய எண்ணெயின் சிக்கு வாடை இவற்றால் வருவது. மற்ற சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்துகொள்கின்றன. தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள், முடிச்சு போட்ட மீன்வலைபோல் ஒரே பின்னலாகிவிடுகின்றன. வேதியியலில் இதற்குப் பலபடியாக்கல் என்று பெயர். வலையில் முடிச்சுகள் குறைவாக இருக்கும்வரை அது பிசின். கூடிவிட்டால் கெட்டிப் பூச்சு.

எந்த எண்ணெய் எவ்வளவு எளிதில் இப்படி மாறும் என்பதை அயோடின் மதிப்பு என்னும் அளவைக் கொண்டு ஓரளவு சொல்லலாம். இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட இந்த எண் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு இது 10க்கு அருகில்தான். கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 85 முதல் 105. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. சூரியகாந்தி எண்ணெய்க்கு 118 முதல் 141. ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்காக வண்ணம் குழைத்த ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கும் மேல். அது காற்றுபட்டதும் சில நாட்களில் தானே காய்ந்து கெட்டியாகும். ஓவியம் நிலைப்பதே அதனால்தான். சூரியகாந்தி எண்ணெய் ஆளிவிதை அளவுக்கு வேகமாகக் காயாவிட்டாலும், அடுப்புக்கு மேலே அன்றாடம் சூடேறும் இடத்தில் படிந்தால் நாளடைவில் அதே முடிவைத்தான் அடைகிறது. தேங்காய் எண்ணெயே புழங்கும் அடுக்களையின் பிசுக்கு நெடுநாள் வழவழப்பாகவே கிடக்கும். மேலும் அது 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், சுடுநீருக்கு உடனே இளகிவிடும்.

இந்த வினையை நாம் விரும்பி வரவழைக்கும் இடமும் உண்டு. இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குகிறோமே, அதன் கறுத்த வழவழப்பு இதே பலபடிப் பூச்சுதான். தோசைக்கல்லில் காலங்காலமாகக் காப்பாற்றுவதை, சிம்னித் தகட்டில் ஒழிக்கப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே பொருள் என்பது தெரிந்தால், ஒன்றை எடுக்கும் மருந்து மற்றொன்றையும் எடுத்துவிடும் என்பது தானே விளங்கும்.

இளம் பிசுக்கு: சோப்பே போதும்

படிந்து சில நாட்களே ஆன எண்ணெய் இன்னும் எண்ணெய்தான். அதை எடுக்க வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அந்தத் திரவத்தின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெய்க்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரோடு போய்விடும்.

நீரின் மேற்பரப்பில் இப்படி என்னதான் நடக்கிறது என்பதை முதன்முதலில் துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர், பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வாய்ப்பே கிடைக்காத ஒரு பெண். பெயர் ஆக்னஸ் போக்கல்ஸ். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். அன்று பெண்களுக்கு அங்கே உயர்கல்வி கிடையாது. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் புழங்கும் நீரின் மேற்பரப்பை எண்ணெயும் சோப்பும் எப்படி மாற்றுகின்றன என்று கவனிக்கத் தொடங்கி, தகரத் தொட்டி ஒன்றைத் தானே அமைத்தார். தொட்டியின் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப்பட்டை. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு சிறு வட்டத் தகட்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்க்க ஒரு தராசு. இவ்வளவுதான் கருவி. பட்டையை நகர்த்தி, எண்ணெய்ப் படலத்துக்கான இடத்தைச் சுருக்கினார். ஒரு குறிப்பிட்ட எல்லைவரை பரப்பு இழுவிசை மாறவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று சரிந்தது.

1891இல் இந்த முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியலர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ரேலே அதன் அருமையை உணர்ந்து, நேச்சர் இதழில் அதே ஆண்டு மார்ச் மாதம் வெளிவரச் செய்தார். பின்னாளில் இர்விங் லாங்மியூர் அந்தத் தொட்டியை மேம்படுத்தி ஆய்வுகளை விரித்தார். மேற்பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று நாம் புட்டியிலிருந்து ஊற்றும் ஒவ்வொரு துளிப் பாத்திரச் சோப்புக்குப் பின்னாலும், ஓர் அடுக்களையில் தொடங்கிய அந்த அறிவியல் இருக்கிறது.

நம் வீடுகளில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் செய்ததும் இதே வேலைதான். அவற்றிலுள்ள சபோனின்கள் இயற்கையான இருமுனை மூலக்கூறுகள். எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலையில் நிற்கும் எண்ணெயை அவை இழுத்துக்கொண்டு போகின்றன. ஆனால் சீயக்காயாகட்டும் விலை உயர்ந்த திரவமாகட்டும், பிரித்தெடுக்க வேண்டுமானால் எதிரே தனித்தனி மூலக்கூறுகள் இருக்க வேண்டும். வலையாகப் பின்னிவிட்ட பிசுக்கில் அவற்றால் பிடித்திழுக்கக்கூடியது எதுவுமில்லை.

நடுவயதுப் பிசுக்கு: காரம் தேவை

தேன் நிறப் பிசின் பாதி பின்னியது. அதை இளக்க ஒரு வழி, எண்ணெயையே தடவுவது. புதிய எண்ணெய் பழைய பிசினுக்குள் ஊறி அதை உப்ப வைக்கும். கால் மணி நேரம் கழித்துத் துணியால் வழித்து, மிச்சத்தைச் சோப்பு நீரால் எடுக்கலாம். வண்ணம் பூசிய அலமாரிக் கதவுக்கும், ஸ்டிக்கர் பசைக்கும் இது நல்ல வழி. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அது நன்றாகவே கரைக்கும். ஆனால் அடுப்பு இருக்கும் அறையில் எளிதில் தீப்பற்றும் திரவத்தைப் பரப்புவது எந்தச் சுத்தத்துக்கும் ஈடாகாத ஆபத்து.

பாதுகாப்பான, வலுவான வழி காரம். பிரெஞ்சு வேதியியலர் மிஷெல் ஷெவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில், கொழுப்பைக் காரத்தோடு சேர்க்கும்போது அது கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிகிறது, அந்த அமிலங்களின் உப்பே சோப்பு என்று நிறுவினார். நமக்கு இதில் இரண்டு நன்மைகள். பழைய பிசுக்கில் பாதி உடைந்து அமிலமாகிப்போன கொழுப்பு நிறையவே இருக்கும். காரம் பட்டதும் அது அங்கேயே சோப்பாகிறது. சுவரில் இருக்கும் அழுக்கே தன்னைக் கழுவும் பொருளாகிறது. அடுத்து, எவ்வளவுதான் பின்னியிருந்தாலும் அந்த வலைக்குள் உடையாத கிளிசரால் இணைப்புகளும் மிஞ்சியிருக்கும். காரம் நேராக அவற்றைத்தான் அறுக்கிறது.

எந்தக் காரம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். ஆப்பசோடா கரைசலின் பிஎச் மதிப்பு 8.3 வாக்கில் இருக்கும். வாஷிங் சோடா கரைசலுக்கு 11ஐத் தாண்டும். பார்க்கச் சிறு வித்தியாசம். ஆனால் பிஎச் ஒவ்வொன்று ஏறும்போதும் காரத்தன்மை பத்து மடங்காகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவு பல நூறு மடங்கு. ஆப்பசோடா மென்மையாகச் சுரண்ட உதவும் தூள்; பிசுக்கை வேதியியல்படி உடைப்பது வாஷிங் சோடா.

அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கிய தலைமுறை இதைக் கையாலேயே அறிந்திருந்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் உண்டு. எண்ணெயை அது எடுத்தது. பிறகு பித்தளைக்குப் புளி போட்டார்கள். புளியின் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த கறுப்பை எடுத்தது. கொழுப்புக்குக் காரம், உலோகக் கறைக்கு அமிலம் என்று வேலையைப் பிரித்துச் செய்ததில் முழு வேதியியலும் இருக்கிறது.

ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்துப் பொங்கவைக்கும் முறை இந்தப் பிரிவினையைக் குலைத்துவிடுகிறது. அந்த நுரை வெறும் கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். வினிகரையும் எலுமிச்சையையும் குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவற்றுக்கு நிகரில்லை.

முதிய பிசுக்கு: எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது

கண்ணாடிபோல் இறுகிய பூச்சுக்கு வாஷிங் சோடாவும் திணறும். கடையில் விற்கும் அடுப்பு சுத்திகரிப்பான்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். பிஎச் 13க்கும் மேல். அது பூச்சை அறுக்கும். அதே வேதியியலால் தோலையும் கண்ணையும் அறுக்கும், ஏனென்றால் நம் உடலின் கொழுப்பும் புரதமும் காரத்துக்கு முன் விதிவிலக்கல்ல. கையுறையும் கண்ணாடியும் திறந்த சன்னலும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சுத்திகரிப்பான் வீட்டுக்குள் வராமலிருப்பதே நல்லது.

பொருளுக்கும் எல்லை உண்டு. அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு கவசம் இருக்கிறது. காரம் அதைக் கரைத்து, அடியிலுள்ள உலோகத்தைத் தின்று, ஹைட்ரஜன் குமிழிகளை வெளியேற்றும். பிரஷர் குக்கரும் அலுமினிய வலை வடிகட்டியும் வாஷிங் சோடாவில் ஊறினால் கறுத்து மங்கிப்போவது இதனால்தான். அவற்றுக்குச் சுடுநீரும் பாத்திரத் திரவமும், கொஞ்சம் பொறுமையும் மட்டுமே. எனாமல் பெயின்ட் அடித்த கதவுக்கும் இதே எச்சரிக்கை: அந்தப் பெயின்டிலும் தாவர எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு அமிலங்கள்தான் பின்னியிருக்கின்றன. பிசுக்கை எடுக்கும் காரம் பெயின்டையும் எடுத்துவிடும். தோசைக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விதியை மட்டும் எந்த அவசரத்திலும் மீறக் கூடாது. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிவறை ஆசிட், வினிகர் போன்ற எந்த அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரமின் உண்டாகும். மூடிய சமையலறையில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

கையின் பங்கைக் குறைப்பது

ஜெர்மனியின் ஹெங்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலர், எந்தச் சுத்தம் செய்யும் வேலையையும் நான்கு பங்காகப் பிரித்துக் காட்டினார்: வேதிப்பொருள், வெப்பம், நேரம், தேய்க்கும் விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். இன்று தொழில்முறைத் துப்புரவில் இது பாலபாடம். நம் வீடுகளில் மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு முழுப்பாரத்தையும் நான்காவதன் மேல், அதாவது ஒருவரின் தோள்பட்டை மேல் ஏற்றுகிறோம். பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தத் தோள் யாருடையது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பெரும்பாலும் அம்மாவுடையது, அல்லது வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுடையது.

நேரத்தைக் கூட்டுவதுதான் மிக மலிவான உதவி. எஃகுச் சிம்னித் தகடுகளை ஒரு பெரிய தொட்டியில் வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவும் சிறிது பாத்திரத் திரவமும் கலந்த சுடுநீரை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாவதைப் பார்க்கலாம். பிசுக்கு அறுபடுவது அதுதான். பிறகு பழைய பல்துலக்கியால் ஒரு தடவு தடவினால் போதும். பிளாஸ்டிக் இறக்கைக்குக் கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். கையுறை எல்லாவற்றுக்கும் வேண்டும்.

செங்குத்தான டைல்ஸில் திரவம் நிற்காமல் வழிந்துவிடும், நேரம் கிடைக்காது. பழைய பருத்தித் துணியை அதே கரைசலில் நனைத்துச் சுவரில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி இருபது நிமிடம் விடுங்கள். துணி காய்ந்துவிடாமல் இருந்தால் காரம் தன் வேலையைச் செய்யும். துணியை எடுக்கும்போதே பிசுக்கில் பெரும்பகுதி அதோடு வந்துவிடும். கடைசியில் நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சோடா வெள்ளையாகப் பூத்து நிற்கும். சுவிட்ச் போர்டுக்கும் ஃபேன் மோட்டாருக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நன்றாகப் பிழிந்த துணி மட்டும்தான்.

வழித்தெடுத்த கெட்டிப் பிசுக்கைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் கரைத்துவிட வேண்டாம். கொழுப்பு குழாய்க்குள் ஆறி, நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாக இறுகும். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் அப்படி இறுகிய அடைப்பு 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. தொழிலாளர்கள் அதை வாரக்கணக்கில் உடைத்தெடுக்க வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விடக் குறைந்த உழைப்பு கேட்பது, பிசுக்கை முதுமை அடையவிடாமல் இருப்பது. கடாயை அடுப்பில் ஏற்றும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுங்கள். தாளிக்கும்போது மூடி வையுங்கள். அடுப்பைச் சுற்றியுள்ள டைல்ஸை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் ஐந்து நிமிடம் ஆகும். அந்த வயதில் அது இன்னும் எண்ணெய், துணியோடு வந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை வீட்டில் எவரும் செய்யலாம், முறை வைத்தும் செய்யலாம். அப்படிச் செய்யும் வீட்டில் பண்டிகைக்கு முன் ஒருவர் மட்டும் ஏணியில் ஏறி நின்று நாள் முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்காது.